முகம் வைத்த பானைகள்

வரலட்சுமி விரதத்தன்று நம் குடியிருப்பில் பத்துப் பதினைந்து வீட்டிலாவது கலசம் வைக்கிறார்கள். ஒரு சொம்பு. அதற்குள் அரிசி, எலுமிச்சம்பழம், காசு. வாயில் மாவிலை, அதன்மேல் தேங்காய். தேங்காயில் வெள்ளி முகத்தைக் கட்டி, கண்ணுக்கு மை தீட்டி, பின்னால் ஜடை தொங்கவிட்டு, சொம்பின் கழுத்துக்குக் கீழே சின்னதாக ஒரு பட்டுப் பாவாடை சுற்றுவார்கள். அதுவரை சொம்பாக இருந்தது அதன்பிறகு அம்மன். மறுநாள் பூஜை முடிந்ததும் முகம் பெட்டிக்குள் போய்விடும், அரிசி அடுப்புக்குப் போகும், சொம்பு மறுபடியும் சொம்பு.

இந்த இதழுக்கு ஏதாவது சரித்திரம் எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டபோது எனக்கு இந்தக் கலசம்தான் நினைவுக்கு வந்தது. காரணம், கொஞ்ச நாட்களாக நான் தென் அமெரிக்காவில் உள்ள பெரு நாட்டின் பழைய மண்பாண்டங்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் படித்தது பி.காம்., செய்தது வங்கிக் குமாஸ்தா வேலை. தொல்லியல் என் துறை அல்ல. ஆனால் பேரேடு எழுதிப் பழகியவனுக்கு யார் கணக்கில் எது வரவு, எங்கே பதிவு விட்டுப்போயிற்று என்று பார்க்கும் புத்தி எளிதில் போகாது. அந்தப் புத்தியோடுதான் இதை எழுதுகிறேன்.

பெரு நாட்டில் ஆண்டிஸ் மலைக்கும் பசிபிக் கடலுக்கும் நடுவே ஒரு ஒடுங்கிய பாலைவனம் உண்டு. மலையிலிருந்து இறங்கும் ஆறுகளின் கரைகளில் மட்டும் பச்சை. அந்த ஆற்றுக்கரைகளில், இன்கா அரசர்கள் வருவதற்கு பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, மனித உருவத்தில் பானை செய்தார்கள். வடக்கே மோச்சே என்ற மக்கள், ஏறத்தாழ கி.பி. 100 முதல் 800 வரை. தெற்கே நாஸ்கா மக்கள், அநேகமாக அதே காலம். அவர்களுக்குப் பின் மலைப்பகுதியில் வாரி, கடற்கரையில் சான்கே என்று அது தொடர்ந்தது. குயவர் சக்கரம் அவர்களுக்குத் தெரியாது. கையாலும் அச்சாலும் செய்ததுதான் எல்லாம். நாஸ்காக்காரர்கள் ஒரே பானையில் பத்துக்கு மேற்பட்ட வண்ணங்கள்கூடப் பூசுவார்கள். மோச்சேக்காரர்களுக்கு வெள்ளையும் காவியும் போதும்.

அந்தக் காவி வெள்ளையில் அவர்கள் செய்த முகங்களைப் படத்தில் பார்த்தாலே கொஞ்சம் திடுக்கிடும். கன்னத்துச் சதை, கண்ணோரச் சுருக்கம், சற்றே இறங்கிய உதடு. பொம்மை முகம் அல்ல, ஒரு குறிப்பிட்ட ஆளின் முகம். கிறிஸ்டோபர் டொனன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இப்படிப்பட்ட நூற்றுக்கணக்கான முகப்பானைகளை ஒப்பிட்டுப் பார்த்து, ஒரே மனிதரின் முகம் பல பானைகளில் வருவதைக் கண்டார். ஒருவருக்கு உதட்டருகே வெட்டுத் தழும்பு. அந்தத் தழும்பை வைத்துப் பின்தொடர்ந்தால், அவர் பத்து வயதுப் பையனாகவும், வாலிபராகவும், முப்பது வயதைத் தாண்டிய மனிதராகவும் வெவ்வேறு பானைகளில் இருக்கிறார். வங்கியில் ஒரே வாடிக்கையாளரின் பழைய பாஸ்புக் படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்போமே, அதே வேலைதான்.

ஆனால் அவர் பெயர் என்ன? தெரியாது. மோச்சே மக்களுக்கு எழுத்து இல்லை. படம் இருக்கிறது, பெயர்க்கட்டம் காலி.

நம் ஊர்க்காரர்களுக்கு இன்னொரு மோச்சே பாத்திரத்தைச் சொல்லியாக வேண்டும். லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. வாய் அகன்று விரிந்த ஒரு கிண்ணம். அந்த விளிம்பின் உட்புறம் முழுக்க ஒரு நெசவுக்கூடம் வரைந்திருக்கிறது. பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நெய்கிறார்கள். தறியின் ஒரு முனை தூணில் கட்டியிருக்கிறது, மறுமுனை நெய்பவளின் இடுப்பில். இடுப்பைப் பின்னால் சாய்த்தால் பாவு விறைக்கும், முன்னால் வந்தால் தளரும். அருகில் நூல் சுற்றிய கட்டைகள், பார்த்து நெய்வதற்கு ஒரு மாதிரித் துணி. மேற்பார்வைக்கு ஆட்கள் வேறு. ஆரணியில் குழித்தறியில் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்து தார் மாற்றியவர்கள் நம் குடியிருப்பிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. வாரிக்காரர்கள் செய்த ஜாடிகளில் கழுத்துப் பகுதி முகமாகவும் வயிற்றுப் பகுதி உடம்பாகவும் இருக்கும். அந்த வயிற்றில் சட்டை வரைந்து, சட்டையில் நெசவின் கட்டம் கட்டமான டிசைனையும் விடாமல் தீட்டியிருப்பார்கள். சான்கே ஜாடி ஒன்றில் அந்த ஜாடியே இரண்டு கையால் ஒரு சின்னக் குவளையை ஏந்திக்கொண்டிருக்கும். மக்காச்சோளத்தில் காய்ச்சும் கள்ளை இப்படிப்பட்ட ஜாடிகளில் ஊற்றிக் குடித்தார்கள், இறந்தவரோடும் புதைத்தார்கள்.

பானையை ஆளாகப் பார்ப்பது தமிழுக்கும் புதிது இல்லை. பானைக்கு வாய் உண்டு, கழுத்து உண்டு, வயிறு உண்டு என்றுதான் நாமும் பேசுகிறோம். மாரியம்மன் திருவிழாவில் கரகம் அம்மனாகவே ஊருக்குள் வருகிறது. சுடுகாட்டில் கொள்ளிக்குடத்தைத் தோளில் வைத்து மூன்று சுற்று வரும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ஓட்டை போட்டு, தண்ணீர் ஒழுகி முடிந்ததும் பின்பக்கமாகப் போட்டு உடைக்கிறோம். அங்கே உடைவது பானை என்று யாரும் நினைப்பதில்லை. பெருவில் கொஞ்சோபாட்டா என்ற இடத்தில் 1942-இல் ஹூலியோ தெல்லோ என்ற தொல்லியலாளர் தோண்டியபோது, வாரி காலத்தின் மிகப்பெரிய வண்ணத் தாழிகள் வேண்டுமென்றே உடைக்கப்பட்டுப் புதைந்து கிடந்தன. எதற்காக உடைத்தார்கள் என்று அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது நம் ஊர்ச் சுடுகாட்டுக்கு ஒருமுறை வந்து பார்த்திருக்கலாம்.

நம் நாட்டில் மனிதரை வைத்த பானை என்றால் முதுமக்கள் தாழி. இறந்தவரைக் குந்தவைத்தோ, எலும்புகளை மட்டும் பொறுக்கி எடுத்தோ உள்ளே வைத்து, கூடவே கறுப்பு சிவப்புக் கலயங்கள், இரும்புக் கத்தி, நெல் எல்லாம் வைத்து மூடிப் புதைத்தார்கள். புறநானூற்றில் குயவரைப் பார்த்துப் பேசுவதாக இரண்டு பாட்டுகள் இருக்கின்றன, 228-ம் 256-ம். ஒன்றில் புலவர், செத்துப்போன சோழனின் பெருமைக்குத் தகுந்த தாழியை உன்னால் வனைய முடியுமா என்று கேட்கிறார். மற்றதில் கணவனை இழந்த பெண், தனக்கும் சேர்த்து இடம் இருக்கும்படி தாழியை அகலமாகச் செய்யச் சொல்லிக் கேட்கிறாள். தாழியின் வயிறு ஏன் அப்படி உப்பியிருக்கிறது என்பதற்கு ஆய்வாளர்கள் பலர் சொல்லும் விளக்கம், அது தாயின் கருப்பை, செத்தவர் குழந்தைபோல உள்ளே மடங்கி உட்கார்ந்திருக்கிறார் என்பது. எனக்கு அது சரியாகவே படுகிறது.

தூத்துக்குடி மாவட்டம் ஆதிச்சநல்லூரில் 1876-இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டினார். 1899-இலிருந்து சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ என்ற அதிகாரி தோண்டினார். தங்க நெற்றிப்பட்டங்களும் வெண்கலப் பாண்டங்களும் கிடைத்தன. 2004-05-இல் மத்தியத் தொல்லியல் துறை மறுபடி தோண்டியபோது வெளிப்பட்ட ஒரு தாழியின் ஓட்டில் மண்ணை உருட்டி ஒட்டிய உருவங்கள் இருந்தன. ஒல்லியாக உயர்ந்த ஒரு பெண், அருகே ஒரு கொக்கு, மான், முதலை, கதிர் முற்றிய பயிர். ஆற்றங்கரைக் காட்சி அப்படியே. ஆனால் அந்தப் பெண்ணுக்கு முகம் என்று சொல்லத்தக்க முகம் இல்லை. பக்கத்துச் சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்லை ஆய்வகத்துக்கு அனுப்பி, அது கி.மு. 1155-ஐச் சேர்ந்தது என்று 2021-இல் மாநில அரசு அறிவித்தது. நெல்லுக்கு வயது தெரிந்துவிட்டது. வைத்தவரின் முகம் தெரியாது.

வடக்கே நம் பக்கத்தில் தாழியோடு இன்னொரு வகையும் உண்டு. ஈமப்பேழை என்கிறார்கள். குளியல் தொட்டிபோல நீண்ட சுடுமண் பெட்டி, அடியில் வரிசையாக மண் கால்கள். 1888 வாக்கில் ரீ பல்லாவரம் மலையடியில் இப்படி ஒன்றைக் கண்டெடுத்தார். கடப்பை மாவட்டம் சங்கவரத்தில் கிடைத்த பேழைக்கு ஆட்டுக்கிடாவின் தலையே வைத்திருக்கிறது, கொம்பு சுருண்டு, பெட்டி முழுவதும் கிடாவின் உடம்பாக. அது இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் திருவண்ணாமலை மாவட்டத்திலேயே தண்டராம்பட்டு பக்கம் மோட்டூரில் பெருங்கற்காலக் கல்வட்டத்துக்குள் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் ஒரு பலகைக்கல் உண்டு. இரண்டு பக்கமும் வளைந்த தோள்கள். நடுவில் தலை இருக்க வேண்டிய இடத்தில் தலை கிடையாது. செய்தவர்களுக்குத் தெரியாமல் விட்டுப்போனதாக எனக்குத் தோன்றவில்லை. இவ்வளவு பெரிய கல்லை வளைவாகச் செதுக்கத் தெரிந்தவனுக்கு ஒரு தலை செதுக்கவா தெரியாது? முகம் வேண்டாம் என்று அவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள்.

அதே நேரத்தில் பெயரை மட்டும் எழுதி வைத்தார்கள். கீழடியிலும் ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலிலும் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் ஆள்பெயர்கள் கீறியிருக்கின்றன. குவிரன், ஆதன் என்று சாதாரண மனிதர்களின் பெயர்கள். தன் பானை அடுத்த வீட்டுப் பானையோடு மாறிவிடக் கூடாது என்று கீறியிருப்பார்கள் போல. நம் வீடுகளிலும் சீர்ப் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைப்போமே. ஆக, பெருக்காரர்கள் பெயர் இல்லாத முகங்களை விட்டுப்போனார்கள், நம்மவர்கள் முகம் இல்லாத பெயர்களை விட்டுப்போனார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நீலகிரி. எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதியும் அதுதான், வருத்தமான பகுதியும் அதுதான்.

நீலகிரி மலை உச்சிகளில் கல் அடுக்கிய பழைய ஈமக்குழிகள் உண்டு. அவற்றில் கிடைத்த பானைகள் தமிழ்நாட்டில் வேறெங்கும் இல்லாத மாதிரி. அடுக்கு அடுக்காக உயர்ந்த உருளைத் தண்டு, அதன் மேல் கிண்ணம், அதற்கு ஒரு மூடி, மூடியின் மேல் ஒரு உருவம். பல மூடிகளில் எருமை. சிலவற்றில் குதிரை மேல் ஆள். சிலவற்றில் மனிதர்கள் மட்டும். தாடி வைத்த ஆண்கள், கழுத்தில் நகையோடு பெண்கள், தலையில் குடம் தூக்கியவள். கண்ணுக்கு ஒரு மண் உருண்டையைத் தட்டி ஒட்டி நடுவில் கீறிவிட்டிருப்பார்கள். மோச்சே முகத்தின் நுட்பம் இதில் இல்லை. ஆனால் நீலகிரிக்காரர் முகம் வைத்தார், அது போதும்.

இவற்றைத் தோண்டி எடுத்தவர்கள் ஆங்கிலேய அதிகாரிகள். 1830-களிலிருந்தே ஆளுக்கு ஒரு குழியாகத் தோண்டினார்கள். அவர்களில் முக்கியமானவர் நீலகிரியின் முதல் கமிஷனர் ஜேம்ஸ் வில்கின்சன் பிரீக்ஸ். ஊட்டியில் அவர் பெயரில் பள்ளிக்கூடம் இருப்பது பலருக்குத் தெரியும். அருங்காட்சியகத்துக்காக நிறையச் சேகரித்தார், குறிப்பும் எழுதினார். 1872-இல் இறந்துவிட்டார், அடுத்த ஆண்டு அவர் மனைவிதான் அந்தக் குறிப்புகளைப் புத்தகமாகக் கொண்டுவந்தார். அவராவது எழுதினார். மற்றவர்களில் பலர், வாரக் கடைசியில் வேட்டைக்குப் போவதுபோலப் போய்த் தோண்டி, அழகான மூடியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தவர்கள். எந்த மூடி எந்தப் பானையுடையது, எந்தக் குழியில் எது எதோடு இருந்தது, அடியில் எலும்பு இருந்ததா, சாம்பல் இருந்ததா என்ற விவரம் பலவற்றுக்கு இல்லை. அதனால் இவற்றைச் செய்தவர்கள் தோடரின் முன்னோரா, குறும்பரா, கீழேயிருந்து வந்தவர்களா என்று நூற்றைம்பது வருடமாக வாதம் நடக்கிறது. காலத்தையும் கி.பி. முதல் ஆயிரமாண்டு என்று பொத்தாம் பொதுவாகத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். பொருள் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது, ஆனால் பேரேட்டில் பதிவு இல்லை. தணிக்கைக்கு வருபவர் அதை என்ன செய்வார்?

பெருவிலும் இதே கதைதான், இன்னும் மோசமாக. லிமா நகரத்து லார்கோ அருங்காட்சியகத்தில் கிடங்கையே பார்வையாளருக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள், அலமாரி அலமாரியாக முகங்கள். அங்கேயும் உலகின் மற்ற அருங்காட்சியகங்களிலும் உள்ள முகப்பானைகளில் பெரும்பாலானவை கல்லறைத் திருடர்கள் தோண்டி விற்றவை. 1987-இல் சிபான் என்ற ஊரில் திருடர்கள் ஒரு மோச்சே கல்லறையைக் கொள்ளையடித்த செய்தி வால்டர் ஆல்வா என்ற தொல்லியலாளருக்குப் போலீஸ் மூலம் எட்டியது. அவர் உடனே போய், எதிர்த்து நின்ற ஊராரையும் சமாளித்து, அங்கேயே காவல் இருந்து முறையாகத் தோண்டினார். திருடர் கை படாத ஒரு அரசனின் கல்லறை அப்படியே கிடைத்தது. பானையில் வரைந்திருந்த வேடமும் கிரீடமும் அந்த எலும்புக்கூட்டின் மேலேயே இருந்தன. அதுவரை பானைகளில் வரும் அந்த உருவங்களைக் கற்பனைத் தெய்வங்கள் என்று எண்ணியவர்களும் உண்டு. உயிரோடு இருந்த மனிதர்கள் அந்த வேடம் கட்டினார்கள் என்பது அன்றுதான் தெரிந்தது. ஒரு குழியை ஒழுங்காகத் தோண்டியதில் கிடைத்த லாபம் அது.

நம் பக்கத்தில் திருடர்கள் அவ்வளவு இல்லை. இங்கே வேறு பிரச்சினை. வங்கியில் இருந்த காலத்தில் கிணற்றுக் கடன் கொடுத்த நிலத்தைப் பார்வையிட, கள அலுவலரோடு நானும் போவதுண்டு. செய்யாறு பக்கம் ஒரு கிராமத்தில், பாதி தோண்டிய கிணற்று மேட்டில் தடித்த சிவப்பு ஓடுகள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றும் விரல் பருமன். என்னங்க இது என்று கேட்டேன். "பெரிய பானைங்க சார், நாலஞ்சு வந்துச்சு. உள்ளே எலும்பு. வீட்டுக்கு ஆவாதுன்னு கடப்பாரையால ஒடச்சிப் போட்டுட்டோம்" என்றார் நிலத்துக்காரர். தங்கம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உடைத்திருக்கிறார்கள், அதையும் அவரே சொன்னார். கள அலுவலர் ஆழத்தை அளந்தார், நான் எழுதினேன், திரும்பிவிட்டோம். கடன் கோப்பில் கிணறு எத்தனை அடி என்று இருக்கும். தாழியைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

நம் ஆரணி 1989 வரை வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது. அதே பழைய மாவட்டத்துப் பையம்பள்ளியில், அது இப்போது திருப்பத்தூர் மாவட்டம், 1960-களில் மத்தியத் தொல்லியல் துறை தோண்டி, புதிய கற்கால மக்கள் குழி வெட்டி வீடு கட்டிய தடத்தையும் அவர்கள் சாப்பிட்ட கொள்ளையும் பச்சைப்பயறையும் எடுத்தது. ஆற்றோரம், மலையடி, ஏரிக்கரை மேடு என்று இருக்கும் இந்தப் பகுதியில் பூமிக்குள் தாழி இல்லை என்று யாரும் கையெழுத்துப் போட்டுத் தர முடியாது. இப்போது கடப்பாரை போய் ஜே.சி.பி. வந்துவிட்டது. கடப்பாரைக்காரருக்கு உடைக்கிறோம் என்றாவது தெரியும். ஜே.சி.பி. ஓட்டுபவருக்கு அதுவும் தெரிவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்தேன், பழைய பழக்கம். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்னும் இருக்கிறது. பூமிக்குள் மறைந்திருந்து கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும், என்ன கிடைத்தது, எங்கே, எந்தத் தேதியில் என்று எழுதிக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் தண்டனை. தெரிவித்து, உரிமை கோர யாரும் வராவிட்டால் கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. அரசு எடுத்துக்கொண்டால் உலோக மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தரும். தங்கத்தை நினைத்து எழுதிய சட்டம் என்பது படித்தாலே தெரிகிறது. பானை ஓட்டுக்கு மதிப்புப் போட்டால் பத்து ரூபாய்கூடத் தேறாது என்று ஒருவர் வாதாடலாம். நான் வாதாட மாட்டேன், கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லிவிடுவேன்.

'பி' பிளாக் பின்புறம் புதிய சம்ப்புக்குப் பள்ளம் எடுக்கப்போவதாகச் சங்கம் அறிவித்திருக்கிறது. அந்த வேலை உத்தரவில், ஓடோ எலும்போ கல்வரிசையோ தென்பட்டால் வேலையை நிறுத்திச் செயலாளரிடம் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கும்படி குழுவைக் கேட்டிருக்கிறேன். எதுவும் வராமல் போகலாம். வந்தால், எடுக்காமல் கிடந்த நிலையிலேயே, பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்து நான்கு பக்கமும் போட்டோ எடுக்க வேண்டும். எந்த ஆழத்தில், எந்தத் திசை பார்த்து என்று எழுதி வைக்க வேண்டும். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகம் என் வீட்டில் தயாராக இருக்கிறது.

இதில் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு ஒரு சமீபத்திய உதாரணம். கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் தாழிகளிலிருந்து மண்டையோடுகளை முறையாக எடுத்தார்கள். மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தார் அவற்றை ஆராய்ந்து, இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து, எலும்பின் மேல் தசை எவ்வளவு இருந்திருக்கும் என்று கணக்கிட்டு, கணினியில் இரண்டு ஆண்களுக்கு முகம் அமைத்தார்கள். 2025-இல் அந்தப் படங்கள் வெளிவந்தன. நம்மவர்கள் மண்ணில் செய்யாமல் விட்ட முகம், இரண்டாயிரம் வருடத்துக்கும் மேல் கழித்து வந்து சேர்ந்தது. நம் வாட்ஸ்அப் குழுவில் அதை யாரோ போட்டபோது, எங்கள் சித்தப்பா மாதிரி இருக்கிறார் என்று மூன்று வீட்டில் சொன்னார்கள்.

நீலகிரி மூடிகளையும் சங்கவரத்துக் கிடாப் பேழையையும் பார்க்க விரும்புகிறவர்கள் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்குப் போகலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் போங்கள். வெண்கலச் சிலைக் கூடத்துக்குக் கூட்டம் போகும். தொல்லியல் பிரிவில் மண்பாண்டங்கள் எங்கே என்று கேட்டுப் போக வேண்டும், கேட்காவிட்டால் தாண்டி வந்துவிடுவீர்கள். பத்துப் பேர் சேர்ந்தால் வேன் வைத்துக்கொள்ளலாம் என்று 'ஏ' பிளாக்கில் ஒரு பேச்சு இருக்கிறது. விருப்பமுள்ளவர்கள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.